மரப்பரணிலிருந்து வேட்டையைப் படமெடுக்க: கட்டுப்படியாகும் விலையில் கேமரா ஆர்ம் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலும் கிழக்கு மாநிலங்களிலும் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுகிறவர்களில் பெரும்பாலோர், தரையிலிருந்து 15 முதல் 20 அடி உயரத்தில் மரத்தோடு பிணைத்த பரணில் அமர்ந்து, மான் 20, 30 கெஜத்துக்குள் வரும் வரை காத்திருப்பவர்கள். அந்த வேட்டையைத் தாமே படமெடுக்க விரும்பும்போது சிக்கல் தொடங்குகிறது. டிரைபாட் விரிக்கப் பரணில் இடமில்லை. வில்லை இழுக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் கேமராவைக் கையில் பிடிக்கவும் வழியில்லை. மரத்தண்டில் வாரால் இறுக்கிக் கட்டப்பட்டு, இரண்டு துண்டுகளாக மடங்கி நீளும் கேமரா ஆர்ம் என்னும் கருவி இந்தத் தேவைக்காகவே உருவானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது என்பதால், உரிமம் பெற்று, பருவ வரையறைக்கு உட்பட்டு வேட்டையாடும் அமெரிக்கவாழ் தமிழர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

சந்தையில் இந்த ஆர்ம்கள் பல விலைகளில் கிடைக்கின்றன. ஆக்‌ஷன் கேமராவை மட்டும் தாங்கும் சிறியவை ஐம்பது டாலருக்கும் குறைவாகக் கிடைக்கும். உருப்படியான கேம்கார்டரைத் தாங்குபவை பெரும்பாலும் நூறிலிருந்து இருநூறு டாலருக்குள் இருக்கும். தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் வாங்குபவை முந்நூறையும் தாண்டும். நடுவிலுள்ள விலையிலேயே நல்ல படம் எடுக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட எடைத்தாங்குதிறனை மட்டும் பார்த்து வாங்கினால் அது நடக்காது. ஆர்ம் சுழலும் அச்சைச் செங்குத்தாக நிறுத்த வழி இருக்கிறதா, மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு நல்ல விடை தரும் ஆர்மே மலிவானாலும் பயன்படும். இந்த இரண்டிலும் தவறும் ஆர்ம், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மான் வந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில் கைவிட்டுவிடும்.

முதல் படி: சுமையைக் கூட்டிப் பாருங்கள்

கடைப் பக்கங்களைத் திறப்பதற்கு முன், ஆர்மின் நுனியில் ஏறப்போகும் அனைத்தையும் சமையலறைத் தராசில் வைத்து எடை பாருங்கள். கேமரா மட்டும் அந்தச் சுமை ஆகாது. கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் ஹெட், திசை மைக், அதன் மேல் போடும் காற்றுத்தடுப்பு உறை, பெரிய பேட்டரி, ஜூம் இயக்கும் ரிமோட் பிடி என எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தச் சுமை. கேனன் எக்ஸ்ஏ வரிசையைச் சேர்ந்த சிறிய கேம்கார்டர் ஒன்று முக்கால் கிலோ அளவில் இருக்கும். அதற்குப் பொருத்தமான, உள்ளே பிசுக்கு வைத்து அசைவைச் சீராக்கும் ஃபுளூயிட் ஹெட் ஏறக்குறைய ஒரு கிலோ. மற்றவையும் சேர்ந்தால் மொத்தம் இரண்டு கிலோவைத் தொடும். மிரர்லெஸ் கேமராவில் 100-400 மில்லிமீட்டர் லென்ஸ் மாட்டிப் படமெடுப்பவருக்கு இதே கணக்கு மூன்று கிலோவுக்கு மேல் போகும்.

வேட்டைப் படத்துக்கு மட்டும் என்றால், புதிதாகத் தொடங்குபவருக்குக் கேம்கார்டரையே பரிந்துரைப்பேன். 20 மடங்கு ஜூம் ஒரே உடலுக்குள் அடங்கியிருப்பதால் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. எடை குறைவதால் ஆர்மின் செலவும் குறைகிறது. ஒரு கிலோவை நுனியிலிருந்து குறைப்பதற்கு ஆகும் செலவு, அந்த ஒரு கிலோவையும் ஆடாமல் தாங்கும் ஆர்ம் வாங்குவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

மொத்த எடை தெரிந்தபின், தயாரிப்பாளர் குறிப்பிடும் தாங்குதிறனில் பாதி அளவுக்கு மட்டுமே சுமை ஏற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஆர்ம் உடையாமல் தாங்கும் அளவைச் சொல்கிறது. ஆடாமல் தாங்கும் அளவைச் சொல்வதில்லை. நமக்குத் தேவை இரண்டாவது.

இரண்டாம் படி: நீளத்தையும் குழாயையும் கணக்கிடுங்கள்

நீளமான ஆர்ம் வாங்கினால் எல்லாப் பக்கமும் எட்டும் என்ற எண்ணம் இயல்பாக வரும். ஆனால் ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனையில் சுமை ஏறும் எந்தக் குழாயிலும், நுனியின் தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதே குழாய், அதே சுமை என்று வைத்துக்கொண்டால், 30 அங்குல ஆர்மைவிட 36 அங்குல ஆர்ம் சுமார் 1.7 மடங்கு அதிகமாகத் தொய்யும். 24 அங்குல ஆர்மோடு ஒப்பிட்டால் அது 3 மடங்கைத் தாண்டுகிறது. சில அங்குலம் கூடுதலாக எட்டுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. தனியாக அமர்ந்து தன்னையே படமெடுக்கும் வில்லாளருக்கு, மூட்டிலிருந்து மூட்டுக்கு அளந்து மொத்தம் 28 முதல் 32 அங்குலம் வரை போதுமானது. பரணின் மேடை அகலமாக இருந்தால் இரண்டு மூன்று அங்குலம் கூடலாம்.

குழாயின் பொருளும் வடிவமும் அடுத்து வருகின்றன. ஒரே அளவுள்ள எஃகுக் குழாயையும் அலுமினியக் குழாயையும் எடுத்துக்கொண்டால், எஃகின் விறைப்பு அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் எடையும் அதேபோல் மூன்று மடங்கு. ஆகவே அலுமினியம் மோசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குழாயின் விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு மிக வேகமாக உயர்வதால், தடித்த அலுமினியக் குழாய் மெல்லிய எஃகுக் குழாயை எளிதில் வென்றுவிடும். மலிவான ஆர்ம்களில் குறுகலான அலுமினியக் குழாய் இருப்பதைக் கண்டால் தயங்குங்கள். வட்டக் குழாயைவிடச் சதுரக் குழாய், ஒரே அகலத்துக்கு, வளைவைக் கூடுதலாக எதிர்க்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளலாம்.

காரில் இறங்கிப் பத்து நிமிடத்தில் பரணை அடைபவருக்கு எஃகு ஆர்மின் கூடுதல் எடை பெரிதல்ல. அரசுக் காடுகளில் ஒவ்வொரு நாளும் இடம் மாற்றி, ஏறு கம்பிகளையும் பரணையும் முதுகில் சுமந்து நெடுந்தூரம் நடப்பவருக்கோ ஒவ்வொரு கிலோவும் தோளில் தெரியும். அவர் அலுமினியத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம்.

மூன்றாம் படி: அச்சைச் செங்குத்தாக நிறுத்தும் அமைப்பைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் எந்த மரமும் தூக்குநூல் பிடித்தாற்போல் நிற்பதில்லை. ஓக், ஹிக்கரி, மேப்பிள் எதுவானாலும் தண்டு ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஆர்மின் அடித்தாங்கியை அந்தத் தண்டோடு அப்படியே கட்டினால், ஆர்ம் சுழலும் அச்சும் அதே அளவுக்குச் சாய்ந்துவிடும். அச்சு 3 பாகை சாய்ந்திருந்தால்கூட, சுமையின் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு எடை ஆர்மைத் தாழ்ந்த பக்கமாக ஓயாமல் இழுக்கும். இரண்டு கிலோ கேமராவுக்கு அது நூறு கிராம் இழுவை. சொல்லும்போது சிறிதாகத் தெரிந்தாலும், கேமராவிலிருந்து கையை எடுத்து வில்லைப் பிடித்த மறுகணமே ஆர்ம் தானாக நகர்ந்து மானைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட இது போதும்.

நல்ல ஆர்மின் அடித்தாங்கியில் இரண்டு திசைகளிலும் சாய்வைத் திருத்தும் அமைப்பு இருக்கும். ஒன்று முன்னும் பின்னும், அதாவது தண்டு நம்மை நோக்கியோ விலகியோ சாய்ந்திருப்பதை ஈடுசெய்யும். மற்றொன்று இடமும் வலமும். மலிவான பல ஆர்ம்களில் முதல் திருத்தம் மட்டுமே இருக்கிறது. இரண்டாவதற்கு, தாங்கியையே தண்டில் சற்றுத் திருகிக் கட்டிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறார்கள். அது இயலாத காரியமல்ல என்றாலும், இருட்டில், கையுறையோடு, இருபது அடி உயரத்தில் வாரைத் தளர்த்தித் தளர்த்திக் கட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இருதிசைத் திருத்தம் உள்ள ஆர்முக்கும் இல்லாததற்கும் முப்பது நாற்பது டாலர் வித்தியாசம் என்றால், தயங்காமல் அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

தாங்கியிலேயே ரசமட்டம் பதித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் வன்பொருள் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் வட்ட ரசமட்டத்தை வாங்கி, அச்சின் தலைப்பகுதியில் பசையிட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஹெட்டில் உள்ள ரசமட்டம் இதற்கு மாற்றாகாது. அது கேமரா நேராக இருப்பதைக் காட்டும். ஆர்மின் அச்சு நேராக இருப்பதைக் காட்டாது.

திருத்தும் திருகுகள் எவ்வளவு நுண்மையாக நகர்கின்றன என்பதும் முக்கியம். பல் சக்கரம்போல் படிப்படியாக மட்டுமே நகரும் அமைப்பைவிட, திருகத் திருகச் சிறிது சிறிதாகச் சாயும் நீள் திருகு சிறந்தது.

நான்காம் படி: மூட்டுகளை ஆட்டிப் பாருங்கள்

ஆர்மில் பொதுவாக மூன்று மூட்டுகள் இருக்கும்: மரத்தோடு சேரும் தோள், நடுவில் முழங்கை, நுனியில் ஹெட் அமரும் இடம். குழாயின் தொய்வைவிட இந்த மூட்டுகளின் ஆட்டமே படத்தை அதிகமாகக் கெடுக்கிறது. தோள் மூட்டில் ஒரு பாகை ஆட்டம் இருந்தால், 36 அங்குலத்துக்கு அப்பால் உள்ள நுனியில் அது 16 மில்லிமீட்டராகத் தெரியும். கேமரா 16 மில்லிமீட்டர் நகர்வதுகூடப் படத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதனோடு சேர்ந்து வரும் சாய்வு தெரியும். கேம்கார்டரின் ஜூமை முழுமையாக நீட்டி 20 கெஜத்தில் நிற்கும் மானை நிரப்பிப் பிடிக்கும்போது, சட்டகத்தின் அகலம் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். அங்கே பத்தில் ஒரு பாகை நடுக்கமே 3 சென்டிமீட்டர் துள்ளலாக மாறுகிறது. திரையில் அது கண்ணை உறுத்தும்.

மூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உலோகத்தோடு உலோகம் நேராக உரசும் மூட்டு, நாளடைவில் தேய்ந்து ஆட்டம் காணும். குளிர்ந்த அதிகாலையில் கீச்சென்று சத்தமிடும். நைலான் புஷ் (துளைக்குள் செருகும் வளையம்) அல்லது வாஷர் வைத்த மூட்டு இரண்டையும் தவிர்க்கும். முழங்கை மூட்டில் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்க வேண்டும், அதைக் கையுறையோடு திருப்ப முடிய வேண்டும். முழுவதும் தளர்வாகவும் முழுவதும் இறுக்கமாகவும் மட்டும் நிற்கும் குமிழ் பயனற்றது. ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்து, விரலை எடுத்ததும் அங்கேயே நிற்கும் இடைப்பட்ட இறுக்கம்தான் நமக்கு வேண்டியது.

ஐந்தாம் படி: வாரும் மரப்பட்டையும்

அடித்தாங்கி மரத்தைப் பற்றும் இடத்தில் வி வடிவப் பள்ளமும், மரப்பட்டையில் கடிக்கும் பற்களும் இருக்கும். ஆர்மின் சுமை தாங்கியைக் கீழ்நோக்கி இழுப்பதோடு, அதன் மேற்பகுதியை மரத்திலிருந்து பிரிக்கவும் முயல்கிறது. ஆகவே தாங்கியின் உயரம் கூடக் கூட அது உறுதியாக நிற்கும். உள்ளங்கை அளவே உயரமுள்ள தாங்கியை நான் நம்புவதில்லை. எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும். வார் ஒன்றுதான் என்றால் அது தாங்கியின் மேற்பகுதியில் அமைய வேண்டும். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

வாரை இறுக்கும் முறையில், பல் பல்லாக ஏறி இறுகும் ராட்செட், வெறும் கொக்கி என இரண்டு வகை உண்டு. ராட்செட் இரும்புபோல் இறுக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு பல்லும் ஏறும்போது எழும் டிக் டிக் ஒலி, அமைதியான காட்டில் வெகுதூரம் கேட்கும். விடியலுக்கு வெகு முன்னரே சென்று கட்டிவிடுபவருக்கும், மதியமே தாங்கியைக் கட்டிவிட்டு மாலையில் வந்து அமர்பவருக்கும் ராட்செட் சரியான தேர்வு.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே படியில் சேர்ந்ததுதான். ஷாக்பார்க் ஹிக்கரி மரத்தை அருகில் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதன் பட்டை நீள நீளச் சிம்புகளாகப் பிரிந்து, நடுவில் மட்டும் தண்டோடு ஒட்டி, மேலும் கீழும் வெளிநோக்கி வளைந்து தொங்கும். அந்தச் சிம்பின் மேல் தாங்கியை வைத்து இறுக்கினால், முதலில் உறுதியாகவே தோன்றும். கேமராவை ஏற்றி ஆர்மை ஒரு முறை சுழற்றியதும் அடியிலுள்ள சிம்பு நொறுங்கி, வார் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்துவிடும். தளர்ந்து தொங்கும் சிம்புகளைக் கையால் விலக்கி, தண்டோடு ஒட்டியுள்ள பகுதியைக் கண்டுபிடித்து அங்கே கட்டுங்கள். கட்டியபின் ஆர்மை இரு பக்கமும் முழுமையாகச் சுழற்றி, வாரை மறுபடி இறுக்குங்கள். பீச் மரத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை. அதன் வழுவழுப்பான பட்டையில், அதுவும் பனி உறைந்த நாளில், பற்கள் பிடிக்காமல் தாங்கி மெல்லச் சுழன்று நகரும். அந்த மரத்தில் தாங்கிக்கும் பட்டைக்கும் நடுவே சொரசொரப்பான ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்தால் நிற்கும்.

மரத்தின் பருமனும் பார்க்கப்பட வேண்டும். காற்றில் ஆடும் மெலிந்த மரத்தில் எத்தனை விலையுயர்ந்த ஆர்மும் ஆடவே செய்யும்.

ஆணியடித்தோ திருகு ஏற்றியோ பொருத்தும் தாங்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன; அவற்றை வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். மிஷிகன் மாநிலத்தின் பொது நிலங்களில், மரம் ஏறவும் பரண் அமைக்கவும் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இருக்கிறது. வேறு பல மாநிலங்களிலும் மரத்தைச் சேதப்படுத்துவதற்குத் தடை உண்டு. தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரத்தில் திருகு புதைந்து கிடந்தால், பின்னாளில் அதை அறுக்கும் வாளுக்கும் அறுப்பவருக்கும் அபாயம். வாரால் கட்டும் ஆர்மை வாங்கினால் இந்தக் கவலைகள் எதுவுமில்லை.

ஆறாம் படி: ஹெட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள்

பெரும்பாலான ஆர்ம்கள் ஹெட் இல்லாமலேயே விற்கப்படுகின்றன. விலையை ஒப்பிடும்போது இதை மறந்தால் கணக்கு தவறிவிடும். கையிலுள்ள தொகையில் பாதிக்குச் சற்று அதிகமாக ஆர்முக்கும், மீதியில் பெரும்பகுதியை ஹெட்டுக்கும் ஒதுக்குவது சரியான பங்கீடு. இருநூற்றைம்பது டாலர் இருந்தால், நூற்று நாற்பது ஆர்முக்கு, எண்பது ஹெட்டுக்கு, எஞ்சியது கூடுதல் வார், ஒலி அடக்கும் டேப், பாதுகாப்புக் கயிறு ஆகியவற்றுக்கு.

ஹெட் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை: சிறிய ஃபுளூயிட் ஹெட். புகைப்படக்காரர்கள் விரும்பும் பந்து வடிவ ஹெட்டில் கேமராவைச் சீராகப் பேன் செய்ய, அதாவது பக்கவாட்டில் திருப்ப, முடியாது. தளர்த்தினால் கேமரா தலைகுப்புறச் சாயும். அடிப்பகுதி தட்டையாக உள்ள ஹெட்டையே வாங்குங்கள். கிண்ண வடிவ அடி கொண்டவை டிரைபாடுக்கானவை, ஆர்மில் அமராது. திருகு அளவையும் பொருத்திப் பாருங்கள். ஆர்மின் நுனியில் 3/8 அங்குலத் திருகு இருக்கலாம், 1/4 அங்குலமும் இருக்கலாம். கேமராவின் அடியில் பெரும்பாலும் 1/4 அங்குலம். இவற்றை இணைக்கும் சிறிய பித்தளைப் புஷ் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும், ஆனால் காட்டில் கிடைக்காது.

கடுங்குளிரில் சில மலிவான ஃபுளூயிட் ஹெட்டுகளின் உள்ளே இருக்கும் பிசுக்கு இறுகிப்போய், பேன் செய்யும்போது முதலில் ஒட்டிப் பிறகு குதிக்கும். வாங்கியதும் ஓர் இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். நவம்பர் மாதத்து விஸ்கான்சினில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: வீட்டிலேயே சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கால அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். தோட்டத்து மரம் ஒன்றில், தரையில் நின்று எட்டும் உயரத்தில் ஆர்மைக் கட்டுங்கள். கேமராவுக்குப் பதிலாக அதே எடையுள்ள தண்ணீர்ப் புட்டியை முதலில் தொங்கவிடுங்கள். சுமை ஏறுவதற்கு முன்னும் பின்னும் நுனி எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து பாருங்கள். பிறகு நுனியை விரலால் சுண்டிவிட்டு, நடுக்கம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். ஓரிரு நொடிகளில் அடங்கினால் நல்ல ஆர்ம். நாலைந்து நொடிகள் ஆடிக்கொண்டே இருந்தால், மூட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, அச்சைச் செங்குத்தாக்கிவிட்டு, ஆர்மை இடக்கோடியிலும் நடுவிலும் வலக்கோடியிலும் நிறுத்திக் கையை எடுங்கள். மூன்று இடத்திலும் அசையாமல் நின்றால் அடித்தாங்கி சரி. இதே சோதனையைச் சாய்ந்த மரம் ஒன்றிலும் செய்து பார்ப்பது அவசியம்.

கடைசியாக ஒலி. இரவில், தெருச் சத்தம் அடங்கியபின், ஆர்மை மெதுவாகவும் வேகமாகவும் நகர்த்திக் கேளுங்கள். உலோகம் உலோகத்தில் இடிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, துணி டேப்பையோ ஒட்டும் ஃபெல்ட்டையோ அங்கே சுற்றுங்கள். ஆர்ம் முழுவதையும் சுற்றிவிட்டால் குளிரில் கையில் ஒட்டும் சில்லிப்பும் குறையும், வெயிலில் மின்னுவதும் நிற்கும். தொழிற்சாலையில் பூசிய பளபளப்பான கறுப்பு வண்ணம் காலை வெயிலில் நன்றாகவே மின்னும்.

எட்டாம் படி: பரணில் அதன் இடத்தைத் தீர்மானியுங்கள்

வலக்கை வில்லாளர் இடக்கையில் வில்லைப் பிடித்து, இடத்தோளை இலக்கை நோக்கித் திருப்பி நிற்பவர். அவருடைய மார்பு இலக்கின் வலப்பக்கம் பார்க்கிறது. ஆகவே கேமரா அவருக்கு வலப்பக்கம், மார்புக்கு முன்னால் இருந்தால், திரையை ஓரக்கண்ணால் பார்க்க முடிகிறது. வில்லை இழுக்கும் கடைசி நொடி வரை வலக்கையால் கேமராவை இயக்கவும் முடிகிறது. இடக்கை வில்லாளருக்கு இது தலைகீழ். பரணின் அமைப்பும் மான் வரும் பாதையும் வேறு இடத்தைக் கோரினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தொடக்கம் இதுவாக இருக்கட்டும்.

உயரம் இன்னும் நுட்பமானது. இன்றைய காம்பவுண்ட் வில்லின் இரு சக்கரங்களுக்கு இடையிலான நீளம் பெரும்பாலும் 30 முதல் 33 அங்குலம். நின்றபடி இழுக்கும்போது கீழ்ச்சக்கரம் இடுப்பளவுக்கு வரும். அமர்ந்தபடி இழுத்தால் தொடையைத் தொடும். ஆர்மின் குழாய் அந்தப் பாதையில் குறுக்கிட்டால், அம்பு விடும் கணத்தில் வில் ஆர்மில் மோதும். அமர்ந்திருக்கும்போது தோள் உயரத்துக்கு அடித்தாங்கியைக் கட்டுவது பெரும்பாலும் சரியாக அமையும். அம்பு இல்லாமல், நாணை விடாமல், ஒவ்வொரு திசையிலும் வில்லை முழுமையாக இழுத்துத் திரும்பிப் பாருங்கள்.

பரணுக்குப் பதிலாக, இடுப்பில் கட்டி மரத்தைப் பார்த்தபடி தொங்கும் சேணத்தில் வேட்டையாடுபவருக்கு ஆர்ம் நீளம் குறைவாகவே போதும், ஏனெனில் தண்டு அவருக்கு முன்னாலேயே இருக்கிறது. அவர் தன் பிணைகயிறு தண்டில் சுற்றியுள்ள இடத்துக்குக் கீழே தாங்கியைக் கட்ட வேண்டும். தனி ஒளிப்பதிவாளரோடு செல்பவர்களின் நிலை வேறு. ஒளிப்பதிவாளர் வில்லாளருக்குச் சற்று மேலும் பின்னுமாக இன்னொரு பரணில் அமர்ந்து தோள்மேலாகப் படமெடுப்பார். அவருக்கு நீளமான, கனத்த ஆர்ம் தேவை, அது இங்கே பேசும் விலைக்குள் அடங்குவது கடினம்.

ஒன்பதாம் படி: ஏறுவதும் இறங்குவதும்

விலையைக் குறைக்க எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம், உடலில் கட்டும் பாதுகாப்பு ஹார்னஸைத் தவிர. தரையிலிருந்து கால் எடுத்த கணம் முதல் மீண்டும் தரையில் கால் வைக்கும் வரை, மரத்தோடு தொங்கும் உயிர்க்கயிற்றில் உங்கள் ஹார்னஸ் பிணைந்திருக்க வேண்டும். ஆர்ம் இருக்கும்போது இது கூடுதல் முக்கியம், ஏனெனில் படமெடுப்பவர் கேமராவைத் தொடர்ந்து பக்கவாட்டில் சாய்கிறார், கவனம் திரையில் இருக்கிறது, மேடையின் விளிம்பு மறந்துபோகிறது. ஆர்மையும் கேமராப் பையையும் ஒருபோதும் கையிலோ தோளிலோ மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். ஏறி அமர்ந்து பிணைந்தபின், இழுகயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் செல்லும் பிணைகயிறும் ஆர்மும் சிக்கிக்கொள்ளாதபடி, ஆர்ம் சுழலும் பாதை கயிற்றுக்குக் கீழேயே அமையட்டும். கேமராவை மெல்லிய கயிற்றால் ஆர்மோடு தனியாகக் கட்டிவிடுவதும் நல்லது. கேமராவைச் சட்டென மாட்டிக் கழற்ற உதவும் ஹெட்டின் விரைவுத்தட்டு சரியாக மாட்டாமல் விட்டால் அந்தக் கயிறே கேமராவைக் காக்கும்.

எங்கே, எப்போது வாங்குவது

மடி (Muddy), ஃபோர்த் ஆரோ (Fourth Arrow) போன்ற நிறுவனங்கள் இந்தக் கருவிக்காகவே அறியப்பட்டவை. சில நிறுவனங்கள் அடித்தாங்கியைத் தனியாகவும் விற்கின்றன. தனியார் நிலத்தில் இரண்டு மூன்று நிலையான பரண்கள் உள்ளவருக்கு இது பெரிய வசதி: ஒவ்வொரு மரத்திலும் ஒரு தாங்கியைக் கட்டி, மட்டம் பார்த்து வைத்துவிட்டு, ஆர்மை மட்டும் கொண்டுபோய்ச் செருகினால் போதும். இருட்டில் ராட்செட் சத்தமும் இல்லை, மட்டம் பார்க்கும் வேலையும் இல்லை. வாங்கும்போதே, தனித் தாங்கியின் விலை என்ன, அது கிடைக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மூட்டுகளின் புஷ்களும் குமிழ்களும் உதிரியாகக் கிடைக்கும் ஆர்முக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பல மாநிலங்களில் வில் வேட்டைப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடைகள் மிச்சச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கும். பழைய ஆர்மை விற்க நினைப்பவர்களும் அப்போதுதான் விற்பார்கள். பயன்படுத்திய ஆர்மை வாங்குவது தவறல்ல. குழாயில் வளைவு இருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்து, தோள் மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வாரை மட்டும் எப்படியும் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

தாமே செய்துகொள்ள விரும்புகிறவர்கள், ஒரு அங்குலச் சதுர எஃகுக் குழாய், நைலான் வாஷர்கள், கதவுக்கீல் அளவிலான தடித்த போல்ட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு பற்றவைத்து உருவாக்குவதும் உண்டு. பற்றவைக்கத் தெரிந்தவருக்கு இது மிகக் குறைந்த செலவில் முடியும். இருதிசைச் சாய்வுத் திருத்தத்தைச் சரியாக அமைப்பதுதான் அதில் கடினமான பகுதி. அதைச் செய்ய முடியாதவர் விலைக்கு வாங்குவதே மேல்.

பருவம் முடிந்தபின்

ஆர்மை மரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். வெயிலில் வாரின் இழைகள் நைந்துபோகும், அணில்கள் அதைக் கடித்து வைக்கும், மரம் பருக்கப் பருக்க வார் பட்டைக்குள் அழுந்தி மரத்தையும் காயப்படுத்தும். கழற்றி வந்து, மூட்டுகளைப் பிரித்து, உள்ளே ஏறிய பிசினையும் மண்ணையும் துடைத்து, நைலான் புஷ்களில் தேய்மானம் தெரிந்தால் மாற்றுங்கள். திருகுப் புரிகளில் மணமற்ற உலர் மசகைச் சிறிது பூசுங்கள். எண்ணெய் பூசினால் அதன் மணம் மானின் மூக்குக்கு எட்டும். அடுத்த பருவத்துக்கு முன் வாரை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள்: எங்காவது இழை பிரிந்தோ விறைத்தோ இருந்தால் அந்த வாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிக் கட்டுங்கள்.